இடைவெளி இல்லாத ஏழு கற்கள்

வாசகர் கேள்வி – பதில்

நெதர்லாந்தின் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் இருக்கும் இரண்டாம் உலகப் போர் விமானக் குழுக்களின் கல்லறைகள் பற்றிய கேள்விகளுக்கு இந்த முறை பதில். பெரும்பாலும் அங்கே வேலைக்குப் போய்க் குடியிருப்பவர்கள் கேட்டவை. சைக்கிளில் போகிற வழியிலேயே கண்ணில் படுகிற விஷயம்தானே.

கே: வட ஹாலந்தில் ஒரு சின்ன ஊரின் கல்லறைத் தோட்டத்தில் ஏழு வெள்ளைக் கற்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, நடுவில் விரல் நுழைய இடமில்லை. பின்வரிசையில் அதே மாதிரிக் கற்கள் தாராளமாகத் தள்ளித் தள்ளி இருக்கின்றன. இடப் பற்றாக்குறையா? – வாசகி, ஆம்ஸ்டெல்வேன்

ப: இடத்துக்குப் பஞ்சமில்லை. அந்த ஏழு பேரின் உடல்களைத் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை என்று அர்த்தம். ஒட்டி நிற்கும் கற்களுக்குக் கீழே இருப்பது ஒரே கூட்டுக் கல்லறை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் பார்த்தால் ஏழு பேருக்கும் ஒரே எண் வரிசை, ‘கூட்டுக் கல்லறை 1–7’ என்பது போல, இருக்கும். தள்ளி நிற்கும் கல் என்றால் அந்தக் கல்லுக்குக் கீழே அந்த ஒருவர்தான்.

ஆக, வரிசையின் அமைப்பைப் பார்த்தே விமானம் எப்படி விழுந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். லங்காஸ்டர் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தை முழுக்க நிரப்பினால் 2,154 கேலன் பெட்ரோல் பிடிக்கும்; ஏறக்குறைய 9,800 லிட்டர். வயிற்றில் குண்டுகள் வேறு. ஜெர்மனிக்குப் போகும் வழியில் அடிபட்டால் இரண்டும் அப்படியே இருக்கும், தரையில் மோதியதும் வெடிக்கும். திரும்பும் வழியில் குண்டு இருக்காது, பெட்ரோலும் பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும். ஏழு கற்களும் ஒட்டியிருந்தால் போகும் வழியில் விழுந்திருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. ஊகம் மட்டுமே, செங்குத்தாக மூக்கு குத்தி விழுந்த விமானத்துக்கும் இதே கதிதான்.

ஐந்து தள்ளி, இரண்டு மட்டும் ஒட்டி என்றும் பார்க்கலாம். அந்த இருவரை மட்டும் பிரிக்க முடியவில்லை.

கல்லின் அளவு நெதர்லாந்தில் எங்கே போனாலும் ஒன்றுதான்: உயரம் 81.3 சென்டிமீட்டர், அகலம் 38.1, தடிமன் 7.6. மழைநீர் தங்காமல் வழிய உச்சி லேசாக வளைந்திருக்கும். அதிகாரி என்று பெரிய கல்லோ, சார்ஜன்ட் என்று சின்னக் கல்லோ கிடையாது. உச்சி மட்டும் கூராக இருந்தால் அது போலந்துக்காரருடைய கல்.

கே: கல்லில் எழுதியிருப்பதை எப்படி வாசிப்பது? அடியில் சிலருக்கு ஒரு வரி இருக்கிறது, சிலருக்கு வெறுமையாக இருக்கிறதே? – வாசகர், ஐந்தோவன்

ப: மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் படையின் சின்னம். பிரிட்டிஷ் விமானப்படை என்றால் கழுகும் கிரீடமும். நியூசிலாந்துக்காரர் என்றால் பன்னக் கீற்று. அடுத்து சேவை எண், பதவி, பெயர், விமானத்தில் அவர் செய்த வேலை, படையின் பெயர், இறந்த தேதி, வயது. அதன் கீழே சிலுவை. யூதராக இருந்தால் தாவீதின் நட்சத்திரம். எல்லாவற்றுக்கும் அடியில் குடும்பத்தார் தேர்ந்த வரி.

வேலையைக் குறித்துக்கொள்வதுதான் முக்கியம். லங்காஸ்டரிலும் அதே மாதிரிக் குண்டுவீச்சு விமானமான ஹாலிஃபாக்ஸிலும் வழக்கமாக ஏழு பேர்: பைலட், ஃப்ளைட் இன்ஜினியர், வழி கணிக்கும் நேவிகேட்டர், குண்டு போடும் ஏர் பாமர், வயர்லெஸ் ஆபரேட்டர், முதுகிலும் வாலிலும் துப்பாக்கியோடு இரண்டு கன்னர்கள். கல்லில் கன்னர் இருவருக்கும் ஒரே சொல்தான், எவர் வாலில் இருந்தார் என்று கல் சொல்லாது. ஒரே வரிசையில் இரண்டு பைலட் கற்கள் இருந்தால் குழம்ப வேண்டாம். புதுப் பைலட்டை முதல் தாக்குதலுக்கு அனுபவசாலிக் குழுவோடு எட்டாவது ஆளாக அனுப்பும் வழக்கம் இருந்தது. நான்கே பேர் என்றால் ஹாம்ப்டன் விமானம், இருவர் என்றால் மஸ்கிட்டோ விமானம் என்று யோசித்துப் பாருங்கள்.

அடிவரிக்கு 66 எழுத்துதான் அனுமதி, சொற்களுக்கு நடுவே வரும் இடைவெளியும் சேர்த்து. ‘அகர முதல’ குறளை எண்ணிப் பாருங்கள்: 26 எழுத்து, 6 இடைவெளி. அந்த அளவில் இரண்டு குறள் அடங்கும். ஆங்கிலத்தில் 66 எழுத்து என்பது ஒன்றரை வரிதான். முதல் உலகப் போர்க் கல்லறைகளுக்கு இந்த வரிக்கு எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் கேட்டார்கள். எதிர்ப்பு வந்த பிறகு, விரும்பினால் கொடுக்கலாம் என்று ஆக்கினார்கள். வெறுமையான கல்லைப் பார்த்து வீட்டார் அக்கறை இல்லாதவர்கள் என்று முடிவு கட்டாதீர்கள். கடிதம் போன முகவரியில் ஆள் மாறியிருந்தாலும் கல் வெறுமையாகத்தான் நிற்கும்.

கே: போர் முடிந்ததும் உடல்களை ஊருக்குக் கொண்டுபோயிருக்கலாமே? ஏன் யாரோ ஒருவர் ஊரில் விட்டுவிட்டார்கள்? – வாசகர், மதுரை

ப: பிரிட்டன் முதல் உலகப் போரிலேயே எடுத்த முடிவு இது. வசதியுள்ள குடும்பங்கள் மட்டும் பிள்ளையின் உடலைக் கொண்டுவரத் தொடங்கியதும் 1915-இல் அதைத் தடுத்தார்கள். 1917-இல் ஏற்பட்ட கல்லறை ஆணையம், பதவியும் பணமும் பாராமல் எல்லோருக்கும் ஒரே கல், விழுந்த நாட்டிலேயே அடக்கம் என்பதைக் கொள்கையாக்கியது. இரண்டாம் போரிலும் அதையே பின்பற்றினார்கள்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. உடலை ஊருக்கு அனுப்புவதா, வெளிநாட்டிலுள்ள அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் வைப்பதா என்று குடும்பத்தையே கேட்டது. அதனால்தான் டச்சுக் கிராமங்களில் பி-17 விமானங்கள் அத்தனை விழுந்தும் அமெரிக்கர் கல்லறையை அநேகமாகப் பார்க்க முடியாது. ஒன்று கடல் தாண்டிப் போயிருப்பார்கள், இல்லையென்றால் மார்கிராட்டன் போன்ற பெருந்தோட்டத்தில் இருப்பார்கள்.

ஜெர்மனியில் விழுந்த பிரிட்டிஷ் குழுக்களையும் ஊர்த் தோட்டத்தில் விடவில்லை. எதிரி நாட்டில் ஆயிரக்கணக்கான ஊர்களில் சிதறிக் கிடந்தால் பராமரிப்புக்கு யார் பொறுப்பு? தோண்டி எடுத்து ரைக்ஸ்வால்ட், ரைன்பெர்க், பெர்லின் என்று பெரிய தோட்டங்களில் சேர்த்தார்கள். நெதர்லாந்து, டென்மார்க், பெல்ஜியம், பிரான்ஸ் நாடுகளில் ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை இருந்ததால் பெரும்பாலும் அப்படியே விட்டார்கள். சென்னை நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டமும் சேர்த்து வைத்ததுதான். தென்னிந்தியா, கிழக்கிந்தியாவில் நிரந்தரப் பராமரிப்புக்கு உத்தரவாதம் இல்லாத இடங்களிலிருந்து எடுத்துவந்து 1952-இல் அமைத்தார்கள்.

ஒரே இரவில் இத்தனை விதங்களும் நடந்த உதாரணம், 1943 மே 16/17 இரவு ஜெர்மனியின் ரூர் பகுதி அணைகளை உடைக்கப் போன 617-ஆம் படைப்பிரிவு. 19 லங்காஸ்டர்கள் போயின, 8 திரும்பவில்லை, 53 பேர் இறந்தார்கள். ஹென்றி யங் ஓட்டியது காஸ்ட்ரிகம் அருகே கடலில் விழுந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் ஏழு உடல்களும் கரை ஒதுங்கின. ஏழு பேரும் பெர்கன் பொதுக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். வாடன் கடலில் விழுந்த இன்னொரு விமானத்தில் வால் கன்னரின் உடல் மட்டும் கிடைத்தது. அவர் ஹார்லிங்கனில், மற்ற ஆறு பேர் வெறும் பெயர்களாக இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவிடத்தில். ஜெர்மனியில் விழுந்தவர்கள் முதலில் உள்ளூரில் புதைக்கப்பட்டு, பிறகு ரைக்ஸ்வால்டுக்கும் ரைன்பெர்க்குக்கும் போனார்கள்.

கே: லங்காஸ்டரில் ஏழு பேர் என்கிறீர்கள். எங்கள் ஊரில் ஒரே தேதியில் ஐந்து கற்கள்தான். மீதி இருவர்? – வாசகி, லெய்டன்

ப: மூன்று சாத்தியங்கள். பாராசூட்டில் குதித்துப் பிழைத்து, சிறைபட்டோ மறைந்தோ இருந்திருக்கலாம். உடல் கிடைக்காமல் ரன்னிமீட்டில் பெயராக இருக்கலாம். 1953 அக்டோபரில் திறந்த அந்த நினைவிடத்தில் 20,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. அல்லது வேறு ஊரில் புதைக்கப்பட்டிருக்கலாம். கடலில் விழுந்த குழு என்றால் நீரோட்டம் ஒருவரை இங்கேயும் இன்னொருவரை டென்மார்க்கிலும் கொண்டு சேர்த்திருக்கும்.

பிழைத்திருப்பார்கள் என்று எடுத்தவுடன் நம்பாதீர்கள். வீழ்த்தப்பட்ட லங்காஸ்டரிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்கள் நூற்றுக்கு 11 பேர், ஹாலிஃபாக்ஸில் 29. காரணம் பெரும்பாலும் கதவு. விமானத்தின் மூக்குப் பகுதியில் தரையில் இருந்த தப்பிக்கும் கதவு லங்காஸ்டரில் 22 அங்குல அகலம், ஹாலிஃபாக்ஸில் 24. தடித்த உடுப்பும், மார்பில் மாட்டிய பாராசூட் பொதியுமாக, சுழன்று விழும் விமானத்தின் இருட்டில் அந்த இரண்டு அங்குலத்தின் விலை பெரிது. வால் கன்னரின் பாராசூட் அவரிடம் இருக்காது, அவர் உட்காரும் துப்பாக்கிக் கூண்டுக்கு வெளியே மாட்டியிருக்கும். கதவைத் திறந்து, கையை நீட்டி எடுத்து மாட்டி, கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுப்புறமாக விழ வேண்டும். கூண்டைத் திருப்பும் ஹைட்ராலிக் அடிபட்டிருந்தால் கையால் சுற்ற வேண்டும். பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள்.

தேடும் முறை இது. கல்லிலுள்ள சேவை எண்ணையும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். ஸ்மித், ஜோன்ஸ் என்றால் கடலில் விழுந்த மாதிரி. கல்லறைத் தோட்டத்தின் பக்கத்துக்குப் போய், அங்குள்ள எல்லோரையும் தேதிவாரியாக அடுக்குங்கள். எந்தப் படைப்பிரிவு என்பது அங்கேயே தெரியும். இரண்டு படைப்பிரிவு எண்கள் வந்தால் அன்று அந்த ஊரருகே இரண்டு விமானங்கள் விழுந்திருக்கின்றன. ஒரே தேதி என்பதற்காக ஒரே குழு என்று எடுத்துக்கொள்வதுதான் இதில் எல்லோரும் செய்யும் முதல் தவறு.

அடுத்து, லிங்கனில் உள்ள சர்வதேச குண்டுவீச்சுப் படை மையத்தின் இழப்புப் பட்டியல். அதில் விமானத்தின் வரிசை எண், கிளம்பிய தளம், இலக்கு, உடன் போனவர்கள் எல்லாம் கிடைக்கும். விமான எண் கிடைத்ததும் டச்சு விமானப்போர் ஆய்வுக் குழுவின் இழப்புப் பதிவேட்டைத் திறங்கள். ஒவ்வொரு விபத்துக்கும் ‘டி’ (T) என்று தொடங்கும் ஓர் எண், விழுந்த இடத்தோடு இருக்கும். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏர் 27’ வரிசை படைப்பிரிவுகளின் நாட்குறிப்பு. அதில் படிவம் 540 அன்றாடச் சுருக்கம், 541 ஒவ்வொரு விமானத்தின் விவரம். உங்களுக்கு வேண்டியது 541.

பலருக்குத் தெரியாத குறுக்குவழி ஒன்று உண்டு. குழுவில் ஒரே ஒரு ஆஸ்திரேலியர் இருந்தாலும் ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘ஏ705’ வரிசையில் அவருடைய கோப்பைத் தேடுங்கள். விபத்து விசாரணை, உள்ளூர்ச் சாட்சியம், எந்தக் குழியில் யார் என்பது வரை, முழுக் குழுவுக்கும் சேர்த்தே அதில் இருக்கும்.

கே: எரிந்து போன விமானத்தில் யார் யார் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அந்தக் காலத்தில் மரபணுச் சோதனை கிடையாதே? – வாசகர், திருநெல்வேலி

ப: கழுத்தில் தொங்கிய அடையாள வில்லைகளை நம்ப முடியவில்லை. பிரிட்டிஷ் வில்லை உலோகமல்ல. நாரை அழுத்திச் செய்தது, பச்சையில் எண்கோணம் ஒன்று, சிவப்பில் வட்டம் ஒன்று. பெருந்தீயில் அது தாங்குவது அரிது. பிரிட்டிஷ் விமானப்படை காணாமற்போனவர்களைத் தேட ஒரு தனிப்பிரிவையே நிறுவியது. அதன் ஆட்கள் ஊர் ஊராகப் போய், பதிவேட்டைப் பார்த்து, சாட்சிகளை விசாரித்து, தேவைப்பட்டால் குழியைத் திறந்தார்கள். 1949 வரை இந்த வேலை நடந்தது.

குழியில் அவர்கள் தேடியது துணியை. இடது மார்பில் தைத்த ஒற்றைச் சிறகுச் சின்னத்தின் நடுவே இருக்கும் எழுத்து வேலையைச் சொல்லிவிடும்: ‘என்’ என்றால் நேவிகேட்டர், ‘இ’ என்றால் இன்ஜினியர், ‘பி’ என்றால் ஏர் பாமர், ‘ஏஜி’ என்றால் கன்னர். இரட்டைச் சிறகு பைலட்டுடையது. குழுவில் இன்ஜினியர் ஒருவர்தான். ‘இ’ கிடைத்தால் பெயரும் கிடைத்த மாதிரி. தோள்பட்டையில் ‘கனடா’ என்ற துண்டு இருந்து, குழுவில் கனடாக்காரர் ஒருவரே என்றால் அங்கேயும் கணக்கு முடிந்தது. கைப்பட்டையில் சார்ஜன்ட் கோடுகளா, தோளில் அதிகாரிப் பட்டையா என்று பார்த்து மிச்சத்தைக் கழிப்பார்கள். சிக்கல் கன்னர்களிடம்தான். இருவருக்கும் ஒரே சின்னம், பெரும்பாலும் ஒரே பதவி. இருவரையும் பிரிக்க முடியாமல் கற்களை ஒட்டி வைத்த இடங்கள் இப்படியும் வந்தவை.

அணைத் தாக்குதலை நடத்திய கய் கிப்சன் 1944 செப்டம்பர் 19-இல் ஸ்டீன்பெர்கனில் மஸ்கிட்டோ விழுந்து இறந்தார். இடிபாட்டில் ஒரே ஆள் என்றுதான் முதலில் எண்ணினார்கள். மூன்றாவது கை ஒன்று கிடைத்த பிறகே இருவர் என்று தெரிந்தது. கிப்சனை அடையாளம் காட்டியது காலுறையில் இருந்த சலவைக் குறி. நம்மூர் டோபி மார்க் மாதிரிதான். அவரும் நேவிகேட்டர் ஜேம்ஸ் வார்விக்கும் அந்த ஊர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

எதுவும் கிடைக்காதவருக்கு ‘1939–1945 போரின் விமானப்படைவீரர்’ என்று மட்டும் பொறித்து, அடியில் ‘இறைவன் அறிவான்’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும்.

கே: ஒரே குழு, ஒரே விமானம். ஒருவர் கல்லில் ஒரு தேதி, இன்னொருவர் கல்லில் மறுநாள். எது சரி? – வாசகர், ராட்டர்டாம்

ப: பெரும்பாலும் இரண்டுமே எழுத்தர் கைவண்ணம். இரவு கிளம்பி விடியலில் திரும்பும் தாக்குதல், நடுவில் நள்ளிரவு. கிளம்பிய தேதியைச் சிலர் எழுதினார்கள், விழுந்த தேதியைச் சிலர். தேடும்போது இரண்டையும் போட்டுப் பாருங்கள். இன்னொரு வித்தியாசம் பதவியில் வரும்: இறந்த பிறகு அதிகாரிப் பதவி உத்தரவு வந்தவர்கள் உண்டு. பழைய தாளில் ஃப்ளைட் சார்ஜன்ட், கல்லில் பைலட் ஆபீசர் என்றால் ஆள் அவரேதான்; சேவை எண் மட்டும் மாறியிருக்கும்.

கே: இதற்கெல்லாம் யார் பணம் தருகிறார்கள்? – வாசகி, திருச்சி

ப: ஆறு அரசுகள், அவரவர் கல்லறை எண்ணிக்கைக்கு ஏற்ப. பிரிட்டன் ஏறக்குறைய 78 சதவீதம், கனடா 10, ஆஸ்திரேலியா 6, நியூசிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் இரண்டிரண்டு சொச்சம், இந்தியா 1.2. நீங்கள் கட்டும் வரியிலும் ஒரு துளி அந்தப் புல்வெளிக்குப் போகிறது.

கே: எங்கள் ஊர்க் கற்களில் பாசி படிந்திருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் கழுவலாமா? என்ன பூ வைக்கலாம்? – வாசகி, ஹார்லம்

ப: கழுவ வேண்டாம். கற்கள் பெரும்பாலும் போர்ட்லாந்து சுண்ணாம்புக்கல். பின்னால் மாற்றியவற்றில் இத்தாலியின் போட்டிச்சீனோ கல்லும் உண்டு. சுண்ணாம்புக்கல்லில் வினிகரோ, குளியலறை கழுவும் அமிலமோ பட்டால் மேல்தோல் கரையும். பிளீச்சிங் திரவம் பட்டால் அன்றைக்குப் பளிச்சென்று தெரியும், உப்பு உள்ளே இறங்கி ஒன்றிரண்டு குளிர்காலத்தில் பொரிந்து உதிரும். கம்பி பிரஷ், பிரஷர் வாஷர் இரண்டும் எழுத்தின் விளிம்பைத் தின்றுவிடும்; சொரசொரப்பான பரப்பில் அடுத்த பாசி இன்னும் வேகமாகப் பிடிக்கும். பறவை எச்சம் போன்றதைத் துடைக்க வேண்டுமானால் வெறும் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். மற்றதற்கு ஆணையத்துக்கு எழுதுங்கள்: தோட்டத்தின் பெயர், கல்லறை எண், ஒரு படம். பெயர் வாசிக்க முடியாத கல்லை அவர்களே மறுபடி செதுக்குவார்கள் அல்லது மாற்றுவார்கள்.

எழுத்து தெரியவில்லை என்று சுண்ணக்கட்டியால் தேய்க்காதீர்கள். வெயில் கல்லுக்குப் பக்கவாட்டில் விழும் நேரத்தில் போனால் செதுக்கிய பள்ளத்தில் நிழல் விழுந்து தானே தெரியும். மேகமூட்டம் என்றால் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் சாய்த்துப் பிடியுங்கள்.

பூக்களை வெட்டிக்கொண்டு போய் வையுங்கள்; செடி நட வேண்டாம். கல்லின் அடியில் இருக்கும் குட்டைச் செடிகள் அழகுக்கு மட்டுமல்ல. மழை மண்ணில் அடித்துச் சேறு கல்லில் தெறிக்காமல் தடுக்கவே அவற்றை அங்கே வைக்கிறார்கள். அதைப் பிடுங்கி மாலையோ கூழாங்கல்லோ பரப்பினால் கல்லின் கீழ்ப்பகுதி, அதாவது குடும்பத்தாரின் அந்த ஒற்றை வரி, முதலில் அழுக்காகும். மெழுகுவர்த்தியும் வேண்டாம், சுண்ணாம்புக்கல் உருகிய மெழுகை உறிஞ்சிக்கொள்ளும்.

சுற்றிலுமுள்ள ஊர்க்காரர் கல்லறைகள் சில ஆண்டுகளில் காணாமல் போவதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே கல்லறை இடம் பொதுவாகக் குத்தகை போலத்தான், புதுப்பிக்காவிட்டால் எடுத்துவிடுவார்கள். போர்க் கல்லறைக்கு அந்த விதி கிடையாது. பிள்ளைகளோடு போக, போரில் இறந்தவர்களை டச்சுக்காரர்கள் நினைவுகூரும் மே 4 நல்ல நாள். பல ஊர்களில் மாலையில் கூடுவார்கள், 8 மணிக்கு நாடு முழுக்க இரண்டு நிமிட மௌனம். ஏழரைக்கே போய்விடுங்கள், சைக்கிளை வாசலுக்கு வெளியே நிறுத்துங்கள்.

கே: வயலில் நடக்கும்போது வளைந்த அலுமினியத் துண்டு ஒன்று கிடைத்தது. எடுத்து வைத்துக்கொள்ளலாமா? – வாசகர், லெலிஸ்டாட்

ப: தொடாதீர்கள், தோண்டாதீர்கள். பக்கத்திலேயே வெடிக்காத குண்டு இருக்கலாம், ஆளும் இருக்கலாம். இடத்தைக் குறித்துப் படமெடுத்து, போலீசுக்கோ நகராட்சிக்கோ சொல்லுங்கள். வெடிபொருள் அகற்றும் ராணுவப் பிரிவை அவர்கள் அழைப்பார்கள். உள்ளே விமானக் குழுவினர் இருக்கக்கூடிய, வெளியே எடுக்கச் சாத்தியமுள்ள விமானங்கள் 30 முதல் 50 வரை இருக்கும் என்று கணக்கிட்டு டச்சு அரசு 2019-இல் ஒரு மீட்புத் திட்டம் தொடங்கியது. 1943 மார்ச்சில் பெர்லினிலிருந்து திரும்பும் வழியில் விழுந்த ஸ்டெர்லிங் குண்டுவீச்சு விமானம் பிகே716, 2020-இல் மார்க்கர்மீர் ஏரியிலிருந்து வெளியே வந்தது அப்படித்தான். அதில் போன ஏழு பேரும் அதுவரை ரன்னிமீட்டில் பெயர்கள்.